ரயில் பெட்டிகளும் ஒரு காகமும்

என் ராசா,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நீ பெண் வீட்டுக்குப் போய்க் கொட்டாஞ்சேனைக்காரனாகி இருப்பாய். உன் உடுப்புப் பெட்டியில், பட்டு வேட்டிக்கும் புதுச் சேர்ட்டுகளுக்கும் இடையில் இதை வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சப்பாத்துப் பெட்டி நூலால் கட்டியபடி இருக்கும். அந்த நூலில் நீளமான ஈர்க்கு ஒன்று செருகியிருக்கும். விளக்குமாற்றிலிருந்து கழன்று வந்த குப்பை என்று எறிந்துவிடாதே. பெட்டியை இப்போது அவிழ்க்கவும் வேண்டாம். முதலில் கடிதத்தை முழுவதும் வாசி. உனக்குப் பொறுமை குறைவு, அது என்னிடமிருந்து வந்தது, ஆனாலும் அம்மா சொல்வதை இந்த ஒரு தடவை கேள்.

பிள்ளை கனடாவுக்குப் போகிறான் என்று விமான நிலையத்தில் நின்று அழுத தாய்மாரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். நான் ஒரு பஸ் தூரத்துக்காக அழுகிறேன் என்று உன் அப்பா இரண்டு நாளாக என்னைக் கேலி செய்கிறார். கலியாணம் முடிந்து பெண் வீட்டோடு போய் இருப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. அவரும் அப்படி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்தான், வந்த முதல் கிழமை பாத்ரூம் லைற் சுவிட்சைத் தேடித் திரிந்தவர். அதையெல்லாம் மறந்துவிட்டு இப்போது எனக்குப் புத்தி சொல்கிறார்.

கலியாணத்துக்குப் போகிற மகனுக்குத் தாய் என்ன எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். சமையல் உனக்குத் தெரியும், என் மீன் குழம்பைவிட உன்னுடையது திறம் என்று சொன்னவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. காசு விஷயம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீ கட்டுகிற நிரோஷாவோடு எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லித் தந்தால் அவளே என்னிடம் சண்டைக்கு வருவாள். முப்பது வருடமாக முன்பள்ளி நடத்துகிற எனக்கு உண்மையில் தெரிந்தது சின்னப் பிள்ளைகள், பசை, கத்தரிக்கோல், பழைய பெட்டி, இவ்வளவும்தான். அதைப் பற்றியே எழுதுகிறேன். அதில்தான் நான் உனக்குப் பெரிய பிழை விட்டேன். அதில்தான் போன மாதம் நீ என்னை வென்றாய். தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் முன்னமே சொல்லவில்லை.

முதலில் பிழையைச் சொல்கிறேன். எங்கள் முன்பள்ளியின் வருடாந்தக் கண்காட்சி இங்கே வெள்ளவத்தையில் நல்ல பெயர் எடுத்தது என்பது உனக்குத் தெரியும். வெண்டிக்காய் அச்சுக் குத்திய சேலைக் கரைகள், ஐஸ்பழத் தடியில் கட்டிய வீடுகள், சிரட்டை ஆமைகள், முட்டை மட்டைப் புழுக்கள், ஒன்றிலும் ஒரு பிசகு இருக்காது. பெற்றோர் வந்து வாயில் கை வைப்பார்கள். எப்படி இருக்கும் பிசகு? பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனபின் நானும் உதவி ரீச்சர் செல்வமணியும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவோம். கோணலாக வெட்டிய பூவை நேராக வெட்டுவோம். கோட்டைத் தாண்டிய வர்ணத்தின்மேல் வெள்ளை பூசுவோம். மூன்று காலில் நிற்கும் யானைக்கு நாலாவது காலை ஒட்டுவோம். கடைசியில் பிள்ளையின் வேலை என்று அதில் மிஞ்சுவது பின்பக்கம் ஒட்டிய பெயர்த் துண்டு மட்டும்தான். இதை ஒரு களவு என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் வீதியில் உள்ள எல்லா முன்பள்ளியிலும் இதுதான் நடக்கிறது, கேட்டுப் பார், ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உனக்கு ஐந்து வயதான வருடம் நீயும் என் வகுப்பில்தான் இருந்தாய். மற்றப் பிள்ளையின் வேலை கோணலாக இருந்தால் பிள்ளை சின்னன் என்பார்கள். ரீச்சரின் மகனின் வேலை கோணலாக இருந்தால் ரீச்சர் சரியில்லை என்பார்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். நீயோ ஒரு காகம் செய்தாய். யோகட் கப்பைக் கவிழ்த்து அதன்மேல் கறுப்புக் காகிதம் சுற்றி ஒட்டினாய். மட்டையில் இரண்டு சிறகு வெட்டினாய், ஒன்று உன் உள்ளங்கை அளவு, மற்றது அதில் பாதி. மிட்டாய் சுற்றிவந்த, தோடம்பழ நிற ரொபித் தாளில் கூரான சொண்டு. ஈர்க்கில் இரண்டு கால், அதில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு நீளம். நிறுத்தினால் விழும். சுவரோடு சாய்த்துத்தான் வைக்க வேண்டும். மூன்று நாள் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அதைச் செய்தாய். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. கிளி, மயில், முயல் என்று எத்தனை இருக்க, சனீஸ்வரனின் வாகனத்தை யார் கண்காட்சியில் வைப்பார்கள்?

நீ நீச்சல் வகுப்புக்குப் போயிருந்த ஒரு பின்னேரத்தில் நான் அதைக் கிளியாக்கினேன். மெல்லிய பச்சை ரிசுக் காகிதம் ஒட்டினேன். சின்னச் சிறகின்மேல் அளவான சிறகு ஒன்றை வைத்தேன். சொண்டுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினேன். நீளக் காலை நறுக்கி எறிந்து, மற்றதை மடக்கிவிட்டுக் கப் விளிம்பில் இருத்தினேன். வடிவான கிளி, நேராக நின்றது. கண்காட்சியன்று நீ மேசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாய்.

“அம்மா, என்ர காகம் எங்க?”

“இதுதான் ராசா உன்ர. கிளியா மாறிட்டுது, பாத்தியே.”

நீ கிளியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாய். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை எனக்கு அன்றே விளங்கியிருக்கும். வந்தவர்கள் எல்லாம் ரீச்சரின் மகன் என்றால் சும்மாவா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அந்தக் கிளியை என் கலியாணக் கூறைச் சேலைக்குக் கீழே, பூச்சி உருண்டை போட்ட அலுமாரித் தட்டில், பொன் பொருள் மாதிரிப் பத்திரமாக வைத்தேன்.

அதற்குப் பிறகு நீ ஒன்றும் செய்யவில்லை. களிமண் கொடுத்தால் உருட்டாமல் திருப்பித் தந்தாய். பள்ளிக்கூடத்தில் வீட்டில் செய்துவரச் சொல்லி ஒப்படை கொடுத்தால் “அம்மா, நீங்களே செய்யுங்கோ” என்றாய், நானும் செய்தேன். விஞ்ஞானப் பாடத்து இதயமும் சுவாசப்பையும் நான் கீறியவை, புவியியல் படங்களும் நான் கீறியவை, அவற்றுக்குக் கிடைத்த புள்ளிகளைப் பார்த்து நானே பெருமைப்பட்டேன். வளர்ந்தபின் ஒரு பரிசுப் பொருளுக்குத் தாள் சுற்றுவதற்கும் கடைக்குக் கொண்டு ஓடினாய். தனக்குக் கைவேலை வராது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாய். அப்பாவைப் போல என்று நானும் சேர்ந்து சிரித்தேன். பாவம் மனுசன், அவர் அந்த விஷயத்தில் ஒரு குற்றமும் செய்யாதவர்.

இனி போன மாதக் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ பார்த்தது உன் பக்கம், நான் வகுப்பு மூலையில் தொங்கும் திரைக்குப் பின்னால் இருந்து பார்த்தது வேறு. பெருந்தெருவான காலி வீதியில் பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேனே, அப்போது கண்காட்சிக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அந்தக் கண்காட்சி எனக்கு எப்படிப்பட்டது என்று நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஏசி பூட்டிய பெரிய நேர்சறி ஒன்று காலி வீதியில் திறந்த நாளிலிருந்து என்னிடம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். என் வகுப்புப் பிள்ளை பிரணவியின் தாய், டொக்டர், அங்கே விண்ணப்பம் எடுத்துவிட்டதாக என் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் போனால் பின்னால் நாலைந்து பேர் போவார்கள். இந்த வருடக் கண்காட்சி கோணினால் முன்பள்ளியைப் பூட்டுவது என்று உன் அப்பாவும் நானும் பேசி முடித்திருந்தோம். அந்த நேரம் பார்த்துக் கை பிளாஸ்டருக்குள் போய்விட்டது. செல்வமணிக்குப் பாட்டும் கதையும் நன்றாக வரும், சாப்பாட்டு நேரத்தைத் தனியாகச் சமாளிப்பாள், ஆனால் இருபத்திரண்டு பிள்ளையையும் கைவேலை மேசையையும் ஒரே நேரத்தில் பார்க்க ஒருவரால் ஏலாது. உனக்குக் கொம்பியூட்டர் வேலை பின்னேரம்தான் தொடங்கும், காலையில் நீ சும்மா என்று சொல்லி நீயாகவே வந்து நின்றாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லை ராசா. இனிப் பள்ளியைப் பூட்ட வேண்டியதுதான் என்று மனதுக்குள் முடிவு செய்தேன்.

முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் வீடியோ பார்த்து, படங்களை அச்சடித்து, புறக்கோட்டைக் கடைகளில் பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு வந்தாய். ரிசுக் காகிதம் சுற்றிவந்த மட்டை உருளையில் ஒட்டகச்சிவிங்கி செய்து காட்டுவதாகச் சொன்னாய். கழுத்து விழுந்தது. திரும்ப ஒட்டினாய், தலை விழுந்தது. பிள்ளைகள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் நான் இடது கையால் என் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அப்போது அவர்களில் அக்ஷயன் எழுந்து வந்து, ஏதோ பெரிய மனிதன் மாதிரி, பசை கூடிப் போய்விட்டது, கொஞ்சம் காய விட வேண்டும் என்றான்.

“எனக்குத் தெரியாது. நீ செய்து காட்டு” என்றாய் நீ.

அந்த அறைக்குள் நான் முப்பது வருடத்தில் ஒரு தடவையும் எனக்குத் தெரியாது என்று சொன்னதில்லை. ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் எல்லாரும் உனக்குப் படிப்பிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி உன் விரலைப் பிடித்துப் பசையில் தோய்த்தாள். நான் திரையை விலக்கிக்கொண்டு எழும்பினேன். செல்வமணி என்னை மறித்தாள்.

“டீச்சர், நீங்க தம்பியத் திருத்தப் போகாதீங்க. அவருக்குச் செய்யத் தெரியாதபடியாத்தான் பிள்ளைங்க செய்யுதுங்க.”

மலைப்பக்கம் ஹற்றனிலிருந்து வந்து பன்னிரண்டு வருடமாக என்னோடு நிற்பவள், ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவள். எனக்கு வந்த கோபத்தில் அன்று தேத்தண்ணீர் வேளை வரை அவளோடு கதைக்கவில்லை.

ரயில் யோசனையும் உன்னுடையதல்ல, பிள்ளைகளுடையது. எங்கள் ஒழுங்கைத் தெருவின் முடிவில் ரயில் போனால் எதைச் செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு யன்னலுக்கு ஓடுவார்களே, அப்படி ஓடிய ஒரு நாளில் ஆளுக்கொரு பெட்டி செய்து கோர்ப்போம் என்று அவர்களே தீர்மானித்தார்கள். உன் அப்பா கடை கடையாக ஏறி இறங்கி, “மல்லி, ஹிஸ் பெட்டி தியனவாத?” என்று சிங்களத்தில் வெறும் பெட்டி கேட்டு, சவர்க்காரப் பெட்டி, பற்பசைப் பெட்டி, தேயிலைப் பெட்டி என்று சாக்கு நிறையக் கொண்டுவந்தார். புறக்கோட்டையில் நீ வாங்கிய மினுங்கும் சாமானை ஒரு பிள்ளையும் தொடவில்லை. அதை நீ நினைவில் வைத்துக்கொள். உன் வீட்டில் பிள்ளை பிறந்தால் கடையில் கைவேலைப் பெட்டி வாங்கிக் கொடுக்காதே. குசினியில் ஒரு மூலையை ஒதுக்கி, வெறும் பெட்டி, சோடா மூடி, யோகட் கப், பழைய பேப்பர், துணித் துண்டு என்று சேர்த்து வை. பசைக்குக் கோதுமை மா ஒரு கப், தண்ணீர் மூன்று கப், உப்பு ஒரு சிட்டிகை, கட்டி படாமல் துழாவிக் காய்ச்சி ஆற வை. வாயில் வைத்தாலும் ஆபத்தில்லை, கட்டாயம் வைப்பார்கள். பீற்றூட் அவித்த தண்ணீரில் சிவப்பு, மஞ்சளில் மஞ்சள், தேயிலைச் சாயத்தில் மண்ணிறம். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டித் தோய்த்தால் பூ, பாகற்காயை வெட்டினால் அதைவிட நல்ல பூ. பெட்டி ஓடச் சில்லு சுழல வேண்டுமென்றால் ஸ்ட்ரோவுக்குள் ஈர்க்கைவிட்டு இரு பக்கமும் மூடியைக் குத்து. மூடியில் துளை போடுவதை மட்டும் நீ செய். அதற்குமேல் உன் கைக்கு அங்கே வேலை இல்லை.

இந்தக் கடைசி வசனத்தை நான் எவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்தேன் என்பது உனக்குத் தெரியும். கண்காட்சிக்கு முதல் நாள் பின்னேரம், எல்லாரும் போனபின் நான் தனியாக உள்ளே போனேன். இருபத்திரண்டு பெட்டியும் தரையில் வரிசையாக நின்றன. நின்றன என்று சொல்லக்கூடாது, கிடந்தன. ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு உயரம். ஒன்றுக்குக் கூரையில் ஓட்டை. பிரணவியின் பெட்டிக்குக் கதவும் இல்லை, யன்னலும் இல்லை, பக்கத்தில் ஒரு சின்னத் துளை மட்டும். அக்ஷயனின் பெட்டிக்குச் சில்லே இல்லை. நாளைக்கு டொக்டர் அம்மா வந்து இதைப் பார்த்துவிட்டு நேரே அந்த ஏசி நேர்சறிக்குப் போவார் என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஒரு பெட்டிக்காவது சில்லு இருக்கட்டும் என்று இரண்டு மூடியை எடுத்து, இடது கையால் பசை தடவிக்கொண்டிருந்தேன். நீ விட்டுவிட்டுப் போன போன் சார்ஜரை எடுக்க வந்தாய்.

“அம்மா, கையை எடுங்கோ.”

நான் உன்னோடு வாக்குவாதப்பட்டேன். சில்லில்லாத ரயிலைப் பார்க்க யார் வருவார்கள், பள்ளியைப் பூட்டினால் நீ பொறுப்பா என்றெல்லாம் கேட்டேன். நீ சத்தம் போடவில்லை. என் பக்கத்தில் தரையில் குந்தினாய்.

“சில்லு ஏன் வைக்கேல்லை எண்டு அவனிட்டக் கேட்டனீங்களோ?”

“இல்லை.”

“என்னட்டையும் நீங்கள் கேக்கேல்லை அம்மா, காகத்தைக் கிளியாக்க முதல்.”

இருபத்துநாலு வருடம் நீ அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டாய் என்று நான் நினைத்திருந்தேன். நீ மறக்கவும் இல்லை, அதை வைத்து என்னை ஒரு நாளும் குத்திக் காட்டவும் இல்லை. அந்த நேரம் எனக்கு வெட்கமாக இருந்தது ராசா, தாங்க முடியாத வெட்கம். அந்த இரண்டு மூடியையும் உன் கையில் தந்துவிட்டு, செருப்பையும் மாறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெட்டிக்குப் பக்கத்தில் காவல் மாதிரி நின்றது. பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே நீ துண்டில் எழுதி ஒட்டியிருந்தாய். முதல் வந்த தகப்பன்மார் சில்லில்லாத பெட்டிக்கு முன்னால் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்ஷயன் அவர்களை விடவில்லை.

“இது ஓடாது. இண்டைக்கு ஸ்ட்ரைக்.”

மண்டபமே சிரித்தது. ரயில் வேலைநிறுத்தத்தில் மாதா மாதம் மாட்டுப்படுகிற ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு எல்லாருடைய முகமும் மாறிவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் குனிந்து, இது ஏன் இப்படி என்று கேட்கத் தொடங்கினார்கள். உயரப் பெட்டி ஒட்டகச்சிவிங்கிக்காம், உன் கழுத்து விழுந்த ஒட்டகச்சிவிங்கி அதற்குள் படுத்திருந்தது. கூரை ஓட்டை காகம் வந்து சாப்பாடு கேட்பதற்காம். டொக்டர் அம்மா கடைசியாக வந்தார். மகளின் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தேன். பிரணவி நல்ல உரத்த குரலில் விளக்கம் கொடுத்தாள். அது கக்கூஸ் பெட்டி. போன முறை யாழ்ப்பாணம் போகும்போது அவளுக்கு அவசரம் வந்ததாம், அம்மா பொறு பொறு என்றாவாம். டொக்டர் அம்மாவின் முகம் சிவந்துபோய்விட்டது. பிறகு அந்தப் பெண், சேலை கசங்கும் என்றும் பாராமல், பாயில் உட்கார்ந்து துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

“கதவு எங்க பிள்ளை?”

“கதவில்லை. ஒருத்தரும் வந்து தட்ட ஏலாது.”

அவர் மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு ஒழுங்கை முழுதும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு நடந்ததை நீதான் ஆரம்பித்தாய். மிச்சப் பெட்டிகளையும் பசைச் சட்டியையும் பாயில் கொண்டுவந்து வைத்து, பெற்றோரும் ஆளுக்கொன்று செய்யலாம் என்றாய். காலுறையோடு உட்கார்ந்த என்ஜினியரும் வங்கி மனேஜரும் சோடா மூடிக்குச் சண்டை பிடித்தார்கள். தகப்பன்மார் மெல்ல மெல்லப் பிள்ளையின் பெட்டிப் பக்கம் கையை நீட்டினார்கள், பிள்ளைகள் எல்லாரும் முந்தின நாள் நீ எனக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார்கள்: அப்பா, கையை எடுங்கோ. அந்த நேரம் பார்த்து உண்மையான ரயில் கூவிக்கொண்டு போக, மண்டபம் முழுவதும், டொக்டரும் மனேஜரும் உட்பட, யன்னலுக்கு ஓடியது. நானும் ஓடினேன், பிளாஸ்டர் கையோடு.

பிள்ளை சேர்க்கும் படிவம் முடிந்துபோய் உன் அப்பா இரண்டு தடவை கொம்யூனிகேஷன் கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்க ஓடினார். டொக்டர் அம்மா அடுத்த வருடம் பிரணவியின் தங்கச்சியையும் கொண்டுவருவதாகச் சொல்லி எனக்கும் ஒரு படிவம் தாருங்கள் என்று கை நீட்டினார். மூன்று பிள்ளைகளை என்னிடம் படிக்கவிட்ட ஒரு தகப்பன் போகும்போது என் காதுக்குக் கிட்டச் சொன்னது எல்லாவற்றையும்விடப் பெரியது. “ரீச்சர், முந்தி நாங்கள் பாத்ததெல்லாம் உங்கட வேலை. சும்மா சொல்லக்கூடாது, வடிவாத்தான் இருந்தது. இந்த முறைதான் பிள்ளையின்ர வேலையைப் பாத்தன்.” முப்பது வருடமும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் ஊரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

மண்டபத்தைக் கூட்டிவிட்டு நீ பிள்ளைகள் செய்து தந்த காகிதத் தொப்பியோடு ஒழுங்கையால் நடந்து போனதைப் பின்னால் நின்று பார்த்தேன். உன் சேர்ட் முழுவதும் பசை. இரண்டு கையும் வெளியே வீசிக்கொண்டு போயின. என் மகன் வென்றுவிட்டான் என்று செல்வமணியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் சிரித்துக்கொண்டு, நல்லாத் தெரியுது டீச்சர் என்றாள்.

அதற்கு மறுநாள் காலை குசினி யன்னலில் ஒரு காகம் வந்து இருந்தது. தினமும் வருகிறதுதான், தினமும் விரட்டுகிறேன். அன்று விரட்டவில்லை, பார்த்தேன். அதன் ஒரு கால் யன்னல் விளிம்பில் மடங்கி இருந்தது. மற்றக் காலைக் கீழே, உடுப்புக் காயப்போடுகிற கம்பியில், நீட்டி ஊன்றியிருந்தது. ஒரு சிறகைக் கொஞ்சம் விரித்து, மற்றதை ஒடுக்கி, விழாமல் சமாளித்துக்கொண்டு நின்றது. தேத்தண்ணீர் ஆறும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஐந்து வயதில் அந்த யன்னலடியில் சாப்பிட உட்காருவாய் நீ. நீ கோணலாகச் செய்யவில்லை ராசா. பார்த்தபடி செய்திருக்கிறாய். வெள்ளவத்தையில் அதைவிடச் சரியான காகத்தை ஒருவரும் செய்திருக்க மாட்டார்கள்.

அதனால் உன் பிள்ளை நாளைக்கு ஏதாவது கோணலாகச் செய்துகொண்டு வந்தால், திறம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகாதே, திருத்தவும் போகாதே. பக்கத்தில் உட்கார்ந்து இது ஏன் இப்படி என்று கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறு. நிரோஷாவின் அம்மாவுக்கும் சொல்லி வை, அவரும் கை சும்மா இருக்காத மனுசி, முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். நான் அங்கே வந்து பசைச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், என் கையைத் தட்டிவிட உனக்கு முழு உரிமை உண்டு, இதையே எழுத்தில் தந்த அனுமதியாக வைத்துக்கொள்.

இனிப் பெட்டியை அவிழ்க்கலாம். பிளாஸ்டர் வெட்டிய கிழமை நான் அந்தக் கிளியை அலுமாரியிலிருந்து எடுத்தேன். கோதுமை மாப் பசை தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கும். ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி, நான் ஒட்டிய பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். நாலு நாள் எடுத்தது. சிவப்புக்குக் கீழே உன் ரொபித் தாள் சொண்டு அப்படியே இருந்தது. நான் வைத்த சிறகு கழன்று வந்தது, கீழே உன் சின்னச் சிறகு. கறுப்பு கொஞ்சம் வெளிறிவிட்டது. வயிற்றுப் பக்கம் பச்சைச் சாயம் ஊறிய ஒரு திட்டு இருக்கிறது, அது போகவில்லை. கறுப்புக் காகிதம் ஒட்டி மறைக்கலாம் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு கையை எடுத்தேன்.

ஒரு கால்தான் இருக்கிறது. நீளக் காலை நான் நறுக்கி எறிந்துவிட்டேன், அது இனி வராது. நூலில் செருகியிருக்கும் ஈர்க்கு அதற்குத்தான். முழு ஈர்க்கு, நான் வெட்டவில்லை. எவ்வளவு நீளம் வேண்டுமென்று உனக்குத்தான் தெரியும்.

உன் அம்மா